ஒரு கணனி, பல கிளைகள்: நூலகப் பதிவை யார் பெயரில் எழுதுவது?

ஓர் உழவு இயந்திரத்தை மூன்று ஊர்கள் பொதுவில் வைத்திருக்கலாம். அப்படி வைத்திருக்கும்போது டீசலை விடவும் திருத்த வேலையை விடவும் கூடுதல் கவனம் வேண்டிய விடயம் ஒன்று உண்டு. அது குறிப்பேடு. இன்று எந்த ஊரின் வயலில் எத்தனை ஏக்கர் உழப்பட்டது என்பதை அந்த ஊரின் பெயருக்கு நேரே எழுதவேண்டும். மாறி எழுதிவிட்டால் உழுதது ஓர் ஊரில், கணக்கில் நிற்பது இன்னோர் ஊரில் என்றாகிவிடும். இயந்திரம் நன்றாகத்தான் ஓடியது, ஓட்டியவரும் நேர்மையானவர்தான். ஆனாலும் ஆண்டு முடிவில் கூட்டம் கூடும்போது சண்டை வரும்.

நூலகங்களிலும் இதே நிலைமை உண்டு. பல கிளைகளைக் கொண்ட நூலகம் ஒன்றில் ஒரே கணனியை, ஒரே பணியாளரை, சில வேளைகளில் ஒரே வாகனத்தைப் பல கிளைகளுக்கும் பயன்படுத்தவேண்டி வருகிறது. அந்தக் கணனியில் நூலகப் பணியாளருக்கான மென்பொருளை எவ்வாறு அமைக்க வேண்டும், எந்த இடத்தில் பிழை நேரும், பிழை நேர்ந்தால் யார் பாதிக்கப்படுவர் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

“எங்களுக்கு எதற்கு இது? எங்களுக்கு நிலமல்லவா வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் பதிவேட்டில் பெயர் எந்த இடத்தின் கீழ் எழுதப்பட்டிருக்கிறது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இடம்பெயர்ந்த குடும்பங்களை விட அதிகம் அறிந்தவர் யார்? ஆள் ஓரிடத்தில், பதிவு வேறோர் இடத்தில் என்றிருந்ததால் அலைந்த அலைச்சல் எமக்குப் புதிதல்ல. நூலகத்தில் ஒரு புத்தகத்திற்கு நேர்வதும் அதுவே. அதைவிட, எமது பிள்ளைகளில் பலர் இன்று கணனி படிக்கிறார்கள். நாளை ஒரு நூலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரே இயந்திரத்தைப் பல இடங்களுக்காக இயக்கும் பொறுப்பு அவர்களிடம் வரும். அப்போது இந்த அறிவு உதவும்.

ஜோர்ஜியாவில் தொடங்கிய வேலை

பொதுவாகப் பேசுவதை விட உண்மையான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் சிறிய பட்டணங்களும் விவசாயப் பகுதிகளும் நிறைய உண்டு. அங்குள்ள பொது நூலகங்கள் பல ஒன்றுசேர்ந்து, 1999 முதல் ‘பைன்ஸ்’ என்ற பெயரில் ஒரு கூட்டமைப்பாக இயங்கத் தொடங்கின. ஓர் அங்கத்துவ அட்டையை வைத்திருப்பவர் கூட்டமைப்பிலுள்ள எந்த நூலகத்திலும் புத்தகம் எடுக்கலாம். தூரத்து நூலகமொன்றில் உள்ள புத்தகத்தைத் தமது ஊர்க் கிளைக்கு வரவழைத்தும் எடுக்கலாம்.

முதலில் அவர்கள் விலைக்கு வாங்கிய மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அது அவ்வளவு பெரிய கூட்டமைப்பின் தேவைகளுக்குப் போதவில்லை. எனவே 2004இல் ஜோர்ஜியாப் பொது நூலகச் சேவை தானே ஒரு மென்பொருளை எழுதுவதென முடிவெடுத்தது. சிறிய குழு ஒன்று அந்த வேலையைச் செய்தது. 2006 செப்டெம்பர் 5ஆம் திகதி, 250க்கும் மேற்பட்ட நூலகங்களில் அது இயங்கத் தொடங்கியது. அதற்கு ‘எவர்கிரீன்’ என்று பெயர் வைத்தார்கள். என்றும் பச்சை என்பது அதன் பொருள். அதை எவரும் இலவசமாகப் பெறலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். பின்னர் இந்தியானா மாநிலத்திலும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும், வேறு பல இடங்களிலும் நூலகக் கூட்டமைப்புகள் அதை ஏற்றுக்கொண்டன.

எவர்கிரீன் ஆரம்பத்திலேயே பல கிளைகளுக்கென எழுதப்பட்டது. ஒரு நூலகத்துக்கு எழுதிய மென்பொருளைப் பின்னர் இழுத்து நீட்டிப் பல நூலகங்களுக்குப் போர்த்தவில்லை. ஆகவே கிளை என்றால் என்ன, ஒரு கணனி எந்தக் கிளைக்குரியது என்ற கேள்விகளுக்கு அதில் தெளிவான விடை உண்டு.

மரமும் கிளைகளும்

எவர்கிரீன் ஒரு நூலகக் கூட்டமைப்பை ஒரு மரம் போலப் பார்க்கிறது. அடிமரம் முழுக் கூட்டமைப்பு. அதிலிருந்து பிரியும் பெருங்கொப்புகள் ஒவ்வொரு நூலகத் தொகுதியும் ஆகும். அக்கொப்பிலிருந்து பிரிபவை ஊர்க் கிளைகள். கிளையின் கீழே ஓர் உபகிளையோ ஒரு நடமாடும் நூலக வாகனமோ இருக்கலாம்.

எங்கள் நிருவாக முறையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மாவட்டம், அதன் கீழ் பிரதேச செயலகப் பிரிவு, அதன் கீழ் கிராம அலுவலர் பிரிவு. மேலே எடுக்கும் முடிவு கீழேயுள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும். கீழே தனியான முடிவு எடுக்கப்பட்டிருந்தால் அந்த இடத்தில் அதுவே செல்லும். எத்தனை நாட்களுக்கு இரவல், தாமதமானால் தண்டப்பணம் எவ்வளவு, எந்த நாளில் கிளை மூடியிருக்கும் என்பவற்றை இந்த மரத்தின் எந்தப் படியிலும் வைத்து நிர்ணயிக்க முடியும்.

மரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் முழுப்பெயரோடு ஒரு சுருக்கப்பெயரும் உண்டு. இச்சுருக்கப்பெயரை மறக்கக்கூடாது. மாட்டுக்கு இடும் குறியைப் போல, பின்னால் வரும் எல்லாப் பதிவுகளிலும் இது தொடர்ந்து வரும்.

ஒரு புத்தகத்திற்கு மூன்று முகவரிகள்

எவர்கிரீனில் ஒரு புத்தகத்தைப் பற்றி மூன்று கேள்விகள் தனித்தனியே கேட்கப்படுகின்றன.

முதலாவது: இப்புத்தகம் யாருக்குச் சொந்தம்? எந்த நூலகம் பணம் கொடுத்து வாங்கியது?

இரண்டாவது: இப்புத்தகம் இப்போது எந்தக் கிளையிலிருந்து இரவல் வழங்கப்படுகிறது? எங்கே திரும்பிச் சேரவேண்டும்?

மூன்றாவது: இன்று இந்தக் கொடுக்கல் வாங்கல் எந்தக் கிளையின் மேசையில் நடந்தது?

மூன்றுக்கும் ஒரே விடை இருக்கவேண்டுமென்ற கட்டாயமில்லை. தலைமை நூலகம் வாங்கிய புத்தகம் வடக்குக் கிளையின் அலுமாரியில் இருக்கலாம். தெற்குக் கிளைக்கு வரவழைத்து ஒருவர் அதை எடுத்துச் செல்லலாம். சொந்த ஊர் ஒன்று, இருக்கும் இடம் ஒன்று, பதிவு செய்த அலுவலகம் ஒன்று என்று வாழ்ந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நிரந்தர முகவரியையும் தற்போதைய முகவரியையும் ஒரே கோட்டில் எழுதச் சொன்னால் எப்படிக் குழப்பம் வருமோ, அப்படித்தான் இந்த மூன்றையும் ஒன்றாக்கினாலும் குழப்பம் வரும்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை புத்தகத்தின் பதிவிலேயே இருக்கிறது. புத்தகத்தில் ஒட்டியுள்ள கோட்டுக்குறியைக் கணனி வாசித்ததும் அவ்விடைகள் கிடைத்துவிடும். மூன்றாவது கேள்விக்கு மட்டும் புத்தகம் விடை சொல்லாது. கணனிதான் சொல்லவேண்டும். “நான் இன்று வடக்குக் கிளையின் கணனி” என்று அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த அறிமுகத்தின் பெயரே பணியிடப் பெயர். ஆங்கில வழக்கில் இதனை ‘வேர்க்ஸ்டேஷன்’ என்பர்.

பணியிடப் பெயர் எவ்வாறு அமையும்?

பணியிடப் பெயர் இரண்டு பகுதிகளால் ஆனது. முற்பகுதி கிளையின் சுருக்கப்பெயர். பிற்பகுதி நாமே வைக்கும் பெயர். ‘வடக்கு-முன்மேசை’, ‘தெற்கு-மடிக்கணனி’ என்பது போல இதை விளங்கிக்கொள்ளலாம். ஒரு பெயர் முழுக் கூட்டமைப்பிலும் ஒரு தடவை மாத்திரமே இருக்கலாம். முற்பகுதியை மென்பொருளே சேர்த்துவிடுவதால், இரண்டு கிளைகள் ‘முன்மேசை’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டாலும் மோதல் வராது.

இங்கே கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பணியிடப் பெயர் இயந்திரத்துக்கு இடப்படும் ஒரே ஒரு பெயரல்ல. ஒரு கணனிக்குத் தேவையான அளவு பணியிடப் பெயர்களைப் பதிவு செய்து வைக்கலாம். வேலை தொடங்கும்போது அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். மூன்று ஊர்ச் சங்கக்கடைகளுக்கும் செல்லும் கணக்கெழுதுநர் ஒருவர் தமது பையில் மூன்று பற்றுச்சீட்டுப் புத்தகங்களை வைத்திருப்பதுபோல் இது. பை ஒன்றுதான். எந்தக் கடையில் இருக்கிறாரோ அந்தக் கடையின் புத்தகத்தை வெளியே எடுக்கவேண்டும்.

பதிவு செய்யும் முறை

முன்னர் எவர்கிரீனின் பணியாளர் மென்பொருளை ஒவ்வொரு கணனியிலும் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. 2017இல் வெளிவந்த 3.0 பதிப்பிலிருந்து, இணையப் பக்கங்களைப் பார்க்கும் சாதாரண உலாவியின் ஊடாகவே பணியாளர் வேலை செய்யும் வழி வந்தது. குரோம், பயர்பொக்ஸ் ஆகிய இரண்டும் இதற்கு ஏற்றவை. ஒரே கணனியைப் பல கிளைகளுக்கு அமைக்கும் ஒழுங்கு பின்வருமாறு:

1. கிளைகள் மரத்தில் இருக்கவேண்டும். பொறுப்பான நிருவாகி, ஒவ்வொரு கிளையையும் நடமாடும் வாகனத்தையும் தனித்தனியாக, சுருக்கப்பெயரோடு முதலிலேயே பதிந்திருக்க வேண்டும். இல்லாத கிளையின் பெயரில் எந்தக் கணனியையும் பதிய முடியாது.

2. பணியாளருக்கு அந்தந்தக் கிளைகளில் உரிமை இருக்கவேண்டும். பணியாளர் எந்தெந்தக் கிளைகளில் வேலை செய்யலாம் என்பது அவரது கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். வடக்குக் கிளைக்கு மாத்திரம் உரிமை பெற்றவர் தெற்குக் கிளையின் பணியிடப் பெயருக்குள் நுழைந்தாலும் வேலை ஓடாது. பணியிடப் பெயரைப் பதிவதற்கென்றே தனியான அனுமதி ஒன்றும் உண்டு. அதைப் பொதுவாகப் பொறுப்பாளர்களுக்கே கொடுப்பார்கள்.

3. முதற் பெயரைப் பதிதல். புதிய கணனியின் உலாவியில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நுழைந்ததும், பணியிடப் பெயர் எதுவும் இல்லாதபடியால் மென்பொருள் நேரே பதிவுப் பக்கத்துக்குக் கொண்டுசெல்லும். அங்கே கிளைகளின் பட்டியலில் ஒன்றைத் தெரிந்து, பக்கத்திலுள்ள கட்டத்தில் பிற்பகுதிப் பெயரை எழுதி, ‘ரெஜிஸ்டர்’ என்ற பொத்தானை அழுத்தவேண்டும்.

4. ஏனைய பெயர்களைப் பதிதல். அதே பக்கத்தில் நின்றவாறே அடுத்த கிளையைத் தெரிந்து, பெயர் எழுதிப் பதியவேண்டும். மூன்று கிளைகளென்றால் மூன்று தடவை. பதிந்த பெயர்கள் யாவும் கீழே ஒரு பட்டியலாகத் தெரியும்.

5. வழமையான பெயரைக் குறித்தல். அதிக நாட்கள் எந்தக் கிளையில் வேலை நடக்கிறதோ அந்தப் பெயரை வழமையானதென்று குறித்துவைக்கலாம். அடுத்த முறை நுழையும்போது அது தானாகவே முன்னால் நிற்கும்.

6. நாளாந்தம் தெரிந்தெடுத்தல். இனிமேல் நுழைவுப் பக்கத்தில் பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றோடு பணியிடப் பெயர்களின் பட்டியலும் தோன்றும். அன்றைக்குரிய கிளையைத் தெரிந்து நுழையவேண்டும். கிளை மாறும்போது வெளியேறி, மற்றப் பெயரைத் தெரிந்து மீண்டும் நுழையவேண்டும்.

வேலை இவ்வளவுதான். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஆறாவது படியை ஒவ்வொரு நாளும் செய்யவேண்டும். பிழை நேருவது பெரும்பாலும் அங்கேதான்.

பெயர் மாறினால் நேர்வது என்ன?

ஒரு பணியாளர் திங்கட்கிழமை வடக்குக் கிளையிலும் செவ்வாய்க்கிழமை தெற்குக் கிளையிலும் ஒரே மடிக்கணனியோடு வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாயன்று அவர் அவசரத்தில் பெயரை மாற்றாமல், வடக்குக் கிளையின் பெயரிலேயே நுழைந்துவிட்டார். திரையில் வழக்கமான பக்கங்களே வரும். எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. ஆனால் உள்ளே நான்கு காரியங்கள் நடக்கும்.

முதலாவது, இருக்கும் புத்தகம் இல்லாமற் போகும். தெற்குக் கிளைக்குரிய புத்தகத்தை ஒருவர் திருப்பித் தருகிறார். கணனி தன்னை வடக்குக் கிளையென்று நினைத்துக்கொண்டிருப்பதால், “இது தெற்கிற்குப் போகவேண்டியது” என்று எழுதி, புத்தகத்தைப் பயணத்தில் இருப்பதாகக் குறித்துவிடும். புத்தகமோ தெற்குக் கிளையின் மேசையில்தான் கிடக்கிறது. பணியாளர் அதை அலுமாரியில் வைத்துவிடுவார். அடுத்த நாள் தேடிவரும் மாணவிக்கு, “அது இன்னும் வந்து சேரவில்லை” என்று திரை சொல்லும். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் புத்தகம் இருக்கும், ஆனால் வழியில் இருப்பதாகப் பதிவு நிற்கும். தெற்குக் கிளையின் பெயரில் மறுபடி யாராவது அதைத் திருப்பப் பதிவு செய்யும்வரை அந்த நிலை மாறாது.

இரண்டாவது, காத்திருப்பவருக்கு அறிவித்தல் போகாது. ஒரு புத்தகத்தைத் தனக்கென ஒதுக்கிவைக்கும்படி ஒருவர் கேட்டிருக்கலாம். தெற்குக் கிளையில் வந்து பெற்றுக்கொள்வதாக அவர் சொல்லியிருப்பார். அப்புத்தகம் தெற்கின் பெயரில் பதியப்பட்டால்தான் ‘வந்துவிட்டது, பெற்றுக்கொள்ளலாம்’ என்ற நிலைக்கு மாறும். வடக்கின் பெயரில் பதிந்தால் அதுவும் பயணத்தில் இருப்பதாகவே நிற்கும். அவர் காத்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, தவணைத் திகதி பிழைக்கும். இரவல் தவணை கிளை மூடியிருக்கும் நாளில் முடிவடைந்தால் மென்பொருள் அதை அடுத்த திறந்த நாளுக்குத் தள்ளிவைக்கும். எந்தக் கிளையின் நாட்காட்டியைப் பார்க்கும்? கணனி எந்தக் கிளையின் பெயரில் நிற்கிறதோ அதன் நாட்காட்டியைத்தான். அதனால், ஒருவர் திருப்பிக் கொடுக்க வரும் நாளில் அவருடைய கிளையின் கதவு பூட்டியிருக்கலாம்.

நான்காவது, கணக்கு மாறும். இதுவே மிகவும் பாரதூரமானது. ஒவ்வொரு இரவலும் அது நடந்த கிளையின் பெயரில் எண்ணப்படுகிறது. தண்டப்பணமாகப் பெற்ற காசும் பணியிடப் பெயரின்படியே கணக்கில் வருகிறது. செவ்வாய்க்கிழமைகளில் தெற்குக் கிளையில் நடந்த இரவல் முழுவதும் வடக்கின் பெயரில் ஏறினால், தெற்கின் காசுப் பெட்டியில் கணக்கில் இல்லாத பணம் மிஞ்சும். வடக்கின் பெட்டியில் அதே தொகை குறையும். நேர்மையான பணியாளர் ஒருவர் மேல் சந்தேகம் விழ இது போதும்.

காசைக்கூட எண்ணிச் சரிசெய்துவிடலாம். எண்ணிக்கையின் விளைவு அதைவிடக் கொடியது. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று எங்கள் முன்னோர் சொன்னார்கள். ஆனால் அலுவலகங்களில் கறி சமைப்பது பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காயை வைத்தேயாகும். எந்தக் கிளைக்குப் புதிய புத்தகம் வாங்குவது, எந்தக் கிளையை எத்தனை மணி நேரம் திறப்பது, எதனை மூடிவிடுவது என்ற தீர்மானங்களை எடுப்போர் முன்னிலையில் இருப்பது எண்ணிக்கைகளே. மூலையிலுள்ள சிறு கிளைக்கு ஐம்பது பேர் வந்திருக்கலாம். பதிவில் ஐந்து பேரென்று இருந்தால், அங்கே தேவை இல்லையென்றே முடிவாகும். இருந்தும் இல்லாதவராய் எண்ணப்படுவதன் வலியை நாம் அறிவோம். ஆகவே இது கணனிக்காரர்களின் சின்ன விடயம் என்று யாரும் ஒதுக்கிவிடக்கூடாது. வாசிக்கும் ஏழைப் பிள்ளையின் உரிமை இதில் தங்கியிருக்கிறது.

அடிக்கடி எழும் சில கேள்விகள்

ஒரே நேரத்தில் இரண்டு கிளைகளாக வேலை செய்யலாமா? ஒரே உலாவியில் இரண்டு பக்கங்களைத் திறந்து வைப்பதால் இது நடக்காது. இரண்டு பக்கங்களும் ஒரே நுழைவையே பகிர்ந்துகொள்ளும். வேண்டுமானால் குரோமில் ஒரு கிளையையும் பயர்பொக்ஸில் மற்றக் கிளையையும் பதிந்து வைக்கலாம். ஆனால் வேலைப்பளு மிகுந்த நேரத்தில் எது எதுவென்று தடுமாற்றம் வரும். ஆகவே பழக்கமுள்ளவர்கள் மாத்திரம் அப்படிச் செய்வது நன்று.

பணியாளர் மாறினால் கிளையும் மாறுமா? மாறாது. ஒருவர் எழுந்துபோய் இன்னொருவர் அமரும்போது, வெளியேறாமலே ஆளை மாத்திரம் மாற்றும் வசதி எவர்கிரீனில் உண்டு. அதனால் பயனரின் பெயர் மாறும், கிளையின் பெயர் மாறாது. இரண்டையும் ஒன்றென எண்ணக்கூடாது.

பதிந்த பெயர்கள் திடீரெனக் காணாமற் போவது ஏன்? ஒரு கணனிக்குரிய பணியிடப் பெயர்களின் பட்டியல் அந்தக் கணனியின் உலாவியில்தான் சேமிக்கப்படுகிறது. யாராவது உலாவியைத் துப்புரவு செய்வதாக எண்ணி, அதில் சேமித்துள்ள தளத் தரவுகளை அழித்தால் பட்டியலும் அழிந்துவிடும். அப்போது பயப்படவேண்டியதில்லை. அதே பெயர்களை மீண்டும் பதியவேண்டும். அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதென்று மென்பொருள் சொல்லும். அது எமது பழைய பெயர்தான் என்பதை உறுதிசெய்த பின், அதையே பயன்படுத்துவதாக ஒப்புக்கொள்ளலாம். வேறொரு கிளையார் உண்மையாகவே பயன்படுத்தும் பெயரை இவ்வாறு எடுத்துக்கொண்டால் இரண்டு மேசைகளின் கணக்கும் ஒன்றாகக் கலந்துவிடும். இதனாற்றான் பதிந்த பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிவைக்கவேண்டும் என்கிறோம்.

தொடர்பு இல்லாத இடத்தில் என்ன செய்வது?

நடமாடும் நூலக வாகனம் இணையத் தொடர்பு கிடைக்காத ஊர்களுக்கும் போகும். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் நம்ப முடியாத இடங்களில் நிலையான கிளைகளுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. இதற்கென எவர்கிரீனில் தொடர்பின்றி இயங்கும் முறை ஒன்று இருக்கிறது. இரவல் கொடுத்ததையும் புதிய அங்கத்தவரின் விபரத்தையும் மடிக்கணனி தன்னுள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளும். தொடர்பு கிடைத்ததும் அவற்றை மத்திய பதிவேட்டுக்கு அனுப்பிச் சேர்ப்பிக்கலாம்.

இதற்கு மூன்று நிபந்தனைகள் உள்ளன. அந்த உலாவியில் பணியிடப் பெயர் முற்கூட்டியே பதியப்பட்டிருக்க வேண்டும். வயலுக்குப் போனபின் கருவியைத் தேட முடியாததுபோல, தொடர்பு அற்ற இடத்தில் நின்று புதிதாகப் பதிய இயலாது. கணனியின் மணிக்கூடு சரியாக இருக்கவேண்டும். நேரம் பிழையானால் பதிவுகளின் திகதியும் பிழைக்கும். மேலும், பதிந்த அதே கணனியிலிருந்து, அதே உலாவியிலிருந்தே அவற்றை அனுப்பவேண்டும். அனுப்புவதற்கு முன் உலாவியின் தரவுகளை அழித்தால் அன்றைய வேலை முழுவதும் போய்விடும்.

தொடர்பில்லாத வேளையில் புத்தகங்களைத் திருப்பிப் பெற்றதாகப் பதிவதை முடிந்தவரை தவிர்ப்பது நல்லது. ஒரு புத்தகம் யாருக்காவது ஒதுக்கப்பட்டுள்ளதா, வேறு கிளைக்குப் போகவேண்டுமா என்பதெல்லாம் அப்போது கணனிக்குத் தெரியாது. அவற்றை ஒரு பெட்டியில் தனியே இட்டுக் கொண்டுவந்து, தொடர்பு கிடைத்தபின் பதிவதே பாதுகாப்பானது.

ஒரு கணனியைப் பகிர்வோருக்கு ஐந்து ஒழுங்குகள்

1. வேலை தொடங்குமுன் திரையின் வலப்பக்க மேல் மூலையைப் பார்க்கவேண்டும். பயனரின் பெயரும் பணியிடப் பெயரும் அங்கே சேர்ந்து தெரியும். கிளையின் பெயரை வாய்விட்டு வாசிப்பது நல்ல பழக்கம்.

2. பணியிடப் பெயர்களை எவருக்கும் விளங்கும்படி வைக்கவேண்டும். ‘புதியது’, ‘கணனி2’ போன்ற பெயர்கள் ஓராண்டின் பின் எவருக்கும் விளங்கா.

3. பதிந்த பெயர்கள், எந்தக் கணனி, எந்த உலாவி, எந்தத் திகதி என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி, பொறுப்பாளரிடம் வைத்திருக்க வேண்டும்.

4. கிளையை மூடும்போது கட்டாயம் வெளியேற வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த கிளையில் திறக்கும்போது நுழைவுப் பக்கம் வரும், பெயரைத் தெரிந்தெடுக்கும் எண்ணமும் வரும். மூடாமல் மடித்துக்கொண்டு போனால் நேற்றைய கிளை இன்றைக்கும் கூடவே வரும்.

5. மாதமொரு முறை ஒவ்வொரு கிளையின் எண்ணிக்கையையும் அங்கு வேலை செய்தவரே பார்க்கவேண்டும். செவ்வாயன்று நிறையப் பேர் வந்ததை அவர் அறிவார். ஏட்டில் செவ்வாய் வெறுமையாக இருந்தால் பிழை அப்போதே வெளிப்படும். தூரத்திலுள்ள தலைமை அலுவலகத்துக்கு அது தெரியவராது.

கணனி இல்லாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு

எங்கள் ஊர்களில் ஒரு வாசிகசாலையின் புத்தகங்களை இரண்டு மூன்று குடியிருப்புகள் பகிர்ந்துகொள்வது உண்டு. விதைநெல், மருந்து தெளிக்கும் கருவி, நீரிறைக்கும் இயந்திரம் என்பனவும் அப்படியே பகிரப்படுகின்றன. இதற்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். ஆனால் அதில் மூன்று நிரல்கள் தனித்தனியே இருக்கட்டும்: பொருள் யாருக்குச் சொந்தம், எந்த இடத்துக்குத் திரும்பவேண்டும், இன்று எங்கே கைமாறியது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இடத்தின் பெயரை எழுதிய பின்னரே முதல் வரியை எழுதவேண்டும். ஜோர்ஜியாவின் நூலகங்கள் பெரிய மென்பொருளை வைத்துச் செய்வதன் சாரம் இந்த மூன்று நிரல்களிலும் அடங்கிவிடுகிறது.

கையில் இருப்பது ஒன்றேயாயினும், எழுத்து ஒழுங்காயிருந்தால் அதைப் பலர் பகிரலாம். எழுத்துக் குழம்பினால், பகிர்ந்த நல்ல மனதே சண்டைக்குக் காரணமாகிவிடும். இதை உங்கள் வீட்டில் கணனி படிக்கும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் உங்கள் குறிப்பேட்டின் நிரல்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒவ்வொரு இடத்தின் வேலையும் அந்தந்த இடத்தின் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.